தேன் ஆற்றியதா, கட்டு ஆற்றியதா?

"கால் புண்ணுக்குத் தேன் பூசலாமா?" என்று கேட்காத நோயாளியை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன். மற்ற நாடுகளில் எப்படியோ, நியூசிலாந்தில் அந்தக் கேள்வி வந்தே தீரும். மனுக்காத் தேன் இங்கே ஊர்ப் பெருமை. நல்ல தரத்துப் போத்தல் ஒன்றின் விலைச்சீட்டைப் பார்த்தால் நீட்டிய கை தானாகவே பின்வாங்கும்.

நான் ஒக்லாந்தில் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டும் தாதி. பருத்தித்துறைப் பக்கம் பிறந்தவள். தாதித் தொழிலை ஊரில் படித்து, இங்கே வந்து மறுபடியும் படித்தவள். ஒரு நாளில் நான் பார்க்கும் கால்களில் பாதிக்கு மேல் ஒரே வகைப் புண்தான்: கணுக்காலுக்குச் சற்று மேலே, உட்பக்கமாக, மாதக்கணக்கில் ஆறாமல் கசிந்துகொண்டிருக்கும் நாளப் புண். தேனைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில், "அதைச் சோதித்துப் பார்த்தாயிற்று" என்பது. சோதித்தது இந்த நாட்டில்தான், இதே வேலை செய்யும் தாதிகளின் கையால்தான். அந்த ஆய்வு நடந்தபோது நான் இந்த வேலைக்கு வந்திருக்கவில்லை. ஆனால் களிம்பு, ஜெல், வெள்ளித் துணி என்று எதை யார் கொண்டுவந்து காட்டினாலும் நான் என்ன கேட்கவேண்டும் என்பதை அந்த ஆய்விலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

முதலில் இந்தப் புண் ஏன் வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். இதயம் அனுப்பிய இரத்தம் பாதம்வரை இறங்குவது சுலபம், திரும்பி ஏறுவதுதான் பாடு. கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சுருங்கி, நாளங்களில் இருக்கும் இரத்தத்தை மேலே பிழிந்துவிடும். ஏறிய இரத்தம் மீண்டும் இறங்காமல் இருக்க நாளங்களுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. ஊரில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வாட்டர் பம்பின் குழாய் அடியில், கிணற்றுக்குள், ஒரு பூட்வால்வு இருக்கும். அது பழுதாகிவிட்டால் மெஷினை நிறுத்தியதும் குழாயில் ஏறின தண்ணீர் முழுக்கக் கிணற்றுக்குள்ளேயே இறங்கிவிடும். கால் நாளத்தின் வால்வு பழுதானாலும் நடப்பது அதுதான்.

அசையாமல் நிற்கும்போது கணுக்கால் நாளத்தில் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீற்றர் பாதரசம். நல்ல காலில், நடக்கத் தொடங்கியதும் அது 30க்குக் கீழே இறங்கிவிடும். வால்வு கெட்ட காலில் எவ்வளவு நடந்தாலும் சரியாக இறங்காது. அந்த அழுத்தத்தில் நீரும் சிவப்பணுக்களும் நுண்குழாய்களிலிருந்து கசிந்து தோலுக்கடியில் தேங்கும். சிதைந்த சிவப்பணுக்களின் இரும்பு தோலைக் கபில நிறமாக்கும். கால் வீங்கும், தோல் பலகைபோல் இறுகும். அதன் பிறகு சுப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி ஒன்று இடித்தால் போதும், பூனை பிறாண்டினால் போதும். மற்றவர்களுக்கு ஒரு கிழமையில் காய்ந்துவிடும் கீறல் இவர்களுக்கு வாய் பிளந்த புண்ணாகிவிடும்.

இந்தப் புண்ணால் உயிர் போவது அரிது, அதனாலோ என்னவோ அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் கசிவு சப்பாத்தை நனைக்கும், மணக்கும். என் நோயாளி ஒருவர், வாழ்நாள் முழுக்க லொறி ஓட்டியவர், பேத்தியை மடியில் ஏற்றுவதை நிறுத்திவிட்டார். "நோவைத் தாங்கலாம் நேர்ஸ், அவள் மூக்கைச் சுளிக்கிறதைத்தான் தாங்க முடியேல்லை" என்றார்.

இதற்கு நிரூபிக்கப்பட்ட மருத்துவம் ஒன்று உண்டு, அது இறுக்கிக் கட்டும் கட்டு. கணுக்காலில் சுமார் 40 மில்லிமீற்றர் அழுத்தம், மேலே போகப் போகக் குறைந்து முழங்காலுக்குக் கீழே முடியவேண்டும். வெளியிலிருந்து நெருக்கும்போது விரிந்துபோன நாளம் ஒடுங்கும், வீக்கம் வற்றும், கெண்டைக்கால் தசை பிழிவதற்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். ஜெர்மன் தோல் மருத்துவர் பவுல் உன்னா 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துத்தநாகப் பசை தோய்த்த கட்டைக் கொண்டுவந்தார், இன்றும் அதைக் கட்டுகிறோம். 1980களில் லண்டன் சேரிங் குரொஸ் வைத்தியசாலையில் நாலு அடுக்குக் கட்டு உருவானது. பஞ்சு, கிரேப் துணி, இழுபடும் பண்டேஜ், தன்னோடு தானே ஒட்டும் பண்டேஜ் என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. ஒரு தரம் கட்டினால் ஒரு கிழமை இருக்கும்.

கட்டுவதற்கு முன்னால் நாடிகள் நன்றாக இருக்கின்றனவா என்று டொப்ளர் வைத்துப் பார்ப்போம். கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து, விடை 0.8க்குக் கீழே வந்தால் முழு இறுக்கத்தில் கட்டமாட்டோம். ஏற்கனவே இரத்தம் குறைவாகப் போகும் காலை இறுக்கினால் காலே போய்விடும். சர்க்கரை வியாதிக்காரரின் பாதப் புண் வேறு கதை. டொப்ளர் பார்க்காமல் இறுக்கவேண்டாம் என்பதைத்தான் வீட்டில் தாங்களே கடையில் பண்டேஜ் வாங்கிச் சுற்றுகிறவர்களிடம் நான் கெஞ்சிச் சொல்வது.

ஆனால் இந்தக் கட்டை யாருக்கும் பிடிக்காது. கடிக்கும், வெக்கை, குளிக்க பிளாஸ்ரிக் பை, சப்பாத்துக்குள் கால் நுழையாது. அதோடு இது பார்வைக்கு மருந்தாகவும் தெரியாது. புண் இருப்பது தோலில், ஆகவே தோலில் எதையாவது பூசவேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். நோயாளிக்கும் தோன்றும், கொம்பனிக்கும் தோன்றும், உண்மையைச் சொன்னால் தாதிக்கும் தோன்றும். மாதக்கணக்காக ஒரே புண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, புதிதாக ஒரு குழாயைத் திறப்பதே ஒரு ஆறுதல்.

தேனில் அப்படி ஆசை வைக்கக் காரணமும் இருந்தது. தேன் முழுக்கச் சீனி, அதனால் கிருமியிலிருந்தே நீரை உறிஞ்சிவிடும். அமிலத்தன்மை உண்டு. தேனீயின் நொதி ஒன்று, தேன் ஈரத்தில் கரையும்போது, கொஞ்சம் கொஞ்சமாக ஐதரசன் பெரொக்சைட்டை உண்டாக்கும். மனுக்காத் தேனில் இதற்கும் மேலே ஏதோ ஒன்று இருக்கிறது என்று வைக்காட்டோ பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர் பீற்றர் மோலன் 1980களிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். அந்த 'ஏதோ ஒன்று' மெதைல்கிளையொக்சல் என்று 2008இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து ஒரு குழு கண்டுசொன்னது. அதே ஆண்டு வைக்காட்டோவிலும் அதையே கண்டார்கள். ஆய்வுகூடத் தட்டில் இந்தத் தேன் கிருமிகளை நன்றாகவே கொல்லும். இடையில் ஒன்று: இதை மவோரிகளின் ஆதிகால மருந்து என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். மவோரிகள் மருந்தாக்கியது மனுக்காவின் இலையையும் பட்டையையும். தேனீ இந்த நாட்டுக்கு 1839இல்தான், மேரி பம்பி என்ற மிஷனரிக் குடும்பப் பெண்ணின் கூடையில் கப்பலேறி வந்தது.

ஆய்வுகூடத் தட்டும் எழுபது வயதுக் காலும் ஒன்றல்ல என்பதால் ஒரு பெரிய சோதனை தேவைப்பட்டது. அதற்கு 'ஹால்ட்' என்று பெயர் வைத்தார்கள். நடத்தியவர் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் அன்ட்ரூ ஜல். அவர் டொக்டர் அல்ல, தாதி. எங்களுக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி. ஒக்லாந்து முதல் கிறைஸ்ட்சேர்ச் வரை நாலு இடங்களில், வீட்டுக்கு வரும் தாதிகள் பார்த்துக்கொண்டிருந்த 368 நோயாளிகளைச் சேர்த்தார்கள். 187 பேருக்கு மனுக்காத் தேன் ஊறிய அல்ஜினேற் துணி, 181 பேருக்கு வழக்கமாகத் தாதி தெரிவுசெய்யும் துணி. இரு பக்கத்தாருக்கும் மேலே இறுக்கக் கட்டு. கால எல்லை 12 கிழமை.

இரு பக்கத்தாருக்கும் கட்டு என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. தேன் பக்கத்துக்கு மட்டும் கட்டுப் போட்டு, மற்றவர்களை வெறும் துணியோடு விட்டிருந்தால் தேன் வென்றிருக்கும். ஆனால் வென்றது தேனாக இராது. அதோடு, வேலை செய்கிறது என்று தெரிந்த ஒரு மருத்துவத்தை ஒருவரிடமிருந்து மறைத்து வைப்பது அநியாயம். ஆகவே கேள்வி 'தேன் புண்ணை ஆற்றுமா' என்பது அல்ல, 'கட்டோடு தேனும் சேர்ந்தால், கட்டு மட்டும் செய்வதைவிடக் கூடுதலாக ஏதாவது செய்யுமா' என்பது.

அடுத்தது, யாருக்குத் தேன் என்று முடிவு செய்வது யார்? நான் முடிவு செய்தால், என்னை அறியாமலே எனக்குப் பிடித்த நோயாளிக்குப் புது மருந்தைக் கொடுப்பேன், அல்லது 'இவருக்கு இனி எதுவும் சரிவராது, தேனையாவது பார்ப்போம்' என்று மோசமான காலுக்குக் கொடுப்பேன். இரண்டும் கணக்கைக் கெடுத்துவிடும். அமெரிக்காவின் டேவிட் மார்கோலிஸ் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கணக்கு இருக்கிறது. கட்டுப் போட்ட நாளப் புண்களில், 10 சதுர சென்ரிமீற்றருக்குச் சிறியதாகவும் ஒரு வருசத்துக்குள் வந்ததாகவும் இருந்தவற்றில் 24 கிழமையில் ஆறாமல் நின்றவை 29 வீதம். அதைவிடப் பெரியதும் ஒரு வருசத்துக்கு மேல் பழசுமான புண்களில் ஆறாதவை 78 வீதம். என்ன பூசினார்கள் என்று பார்க்காமலே, புண்ணின் அகலத்தையும் வயதையும் வைத்தே பாதி சோதிடம் சொல்லிவிடலாம் என்றுதானே அர்த்தம்? சின்னப் புண்கள் ஒரு பக்கம் கூடிவிட்டால் அந்தப் பக்கத்துக் களிம்பு அற்புத மருந்தாகிவிடும், அது வெறும் வாசலினாக இருந்தாலும். அதனால்தான் சீட்டுக் குலுக்கல். அடுத்த சீட்டு என்னவென்று தாதிக்கும் தெரியக்கூடாது, நோயாளிக்கும் தெரியக்கூடாது.

சீட்டு விழுந்த பிறகு மறைக்கமுடியாது. தேனின் நிறமும் வாசமும் காட்டிக்கொடுத்துவிடும், போலித் தேன் செய்வதும் கஷ்டம். எனவே இது எல்லாருக்கும் தெரிந்தே நடந்த சோதனை. அதை ஒரு குறை என்று சொல்லலாம். ஆனால் எதை 'ஆறியது' என்று எண்ணினார்கள் என்பது முக்கியம். முழுப் புண்ணும் தோல் மூடவேண்டும். அப்படி மூடிவிட்டதா இல்லையா என்பதில் கண்ணுக்கு ஏமாற இடம் குறைவு. புண் 'சின்னதாகிவிட்டது', 'நிறம் நல்லாயிருக்கு' என்பவற்றை எண்ணத் தொடங்கினால்தான் ஆசை கணக்கெழுதத் தொடங்கும். நோயாளிக்கும் வேண்டியது மூடிய தோல்தான். பாதி ஆறிய புண்ணோடு எவரும் நீச்சல் குளத்துக்குப் போவதில்லை.

முடிவு 2008இல் பிரிட்டிஷ் அறுவைச் சிகிச்சைச் சஞ்சிகையில் வந்தது. 12 கிழமையில் தேன் பக்கத்தில் ஆறியவர்கள் 104 பேர், அதாவது 55.6 வீதம். மறுபக்கத்தில் 90 பேர், 49.7 வீதம். பார்த்த உடனே 'தேன்தானே கூட' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இந்த அளவு வித்தியாசம் சீட்டு விழுந்த விதத்தாலும் வரக்கூடியது. இந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டால், உண்மையான வித்தியாசம் நூற்றுக்கு 4 பேர் குறைவு என்பதிலிருந்து 16 பேர் கூடுதல் என்பதுவரை எங்கேயும் இருக்கலாம். தேன் பயனற்றது என்று இது நிறுவவில்லை. பயன் உண்டு என்று சொல்லி ஒருவரிடம் காசு வாங்க இது போதாது, அவ்வளவுதான். அதோடு தேன் பக்கத்தில் தொந்தரவுகள் கூட, முக்கியமாகப் புண்ணில் நோவு. செலவும் அநேகமாகக் கூட.

இந்த எண்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த 90 பேரைத்தான். தேன் துணியே இல்லாமல், கட்டோடு ஆறியவர்கள். மறுபக்கத்தில் ஆறிய 104 பேரில் ஒவ்வொருவரும் உண்மையைத்தான் சொல்வார்கள்: "எத்தனையோ மாதமாக ஆறாத புண், தேன் வைத்தார்கள், ஆறிவிட்டது." அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தேன் இல்லாமலும் ஆறியிருக்கும். யாருக்கு என்று மட்டும் எவராலும், அந்த நோயாளியாலும்கூட, சொல்ல முடியாது. தனி ஒருவரின் காலை வைத்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அதனால்தான் 368 கால்கள் வேண்டியிருந்தன.

இதை என் மாமிக்கு விளங்கப்படுத்துவதுதான் கஷ்டம். கொழும்பிலிருந்து தொலைபேசியில், "பிள்ளை, எங்கட பக்கத்து வீட்டு அன்ரிக்குத் தேனாலதான் மாறினது, நான் கண்ணால கண்டனான்" என்பார். "அவவுக்குக் காலில கட்டும் போட்டவையோ மாமி?" என்று கேட்டேன். "ஓம், அது சும்மா ஒரு பண்டேஜ்தானே" என்றார்.

ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் ஒரு பெயரைக் கண்டு எனக்கு மரியாதை வந்தது: பீற்றர் மோலன். கால் நூற்றாண்டாகத் தேனுக்காக வாதாடிய மனிதர், தன் தேன் தோற்கக்கூடிய சோதனையில் தானும் சேர்ந்து, எதிர்பார்த்தபடி வராத முடிவின் கீழ் பெயரும் போட்டிருக்கிறார். 2015இல் அவர் காலமானார். அதே ஆண்டு வந்த கொக்ரேன் தொகுப்பு, தேன் பற்றிய 26 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஆழமில்லாத தீப்புண்கள் தேனால் நாலைந்து நாள் முந்தி ஆறுகின்றன என்பதற்கு அதில் நல்ல ஆதாரம் இருந்தது. நாளப் புண்ணுக்கு இல்லை. தீப்புண்ணில் கெட்டுப்போனது தோல்தான். நாளப் புண்ணில் தோல் கடைசியாகக் கெட்டது. (சமையலறைத் தேனைப் புண்ணில் வைக்கவேண்டாம். புண்ணுக்கென விற்கும் தேனைக் கதிர்வீசிக் கிருமி நீக்கித்தான் தருகிறார்கள்.)

தேனுக்கு மட்டும் இந்தக் கதி என்று நினைக்கக்கூடாது. இங்கிலாந்தில் புழுக்களைச் சோதித்தார்கள். சுத்தமாக வளர்த்த ஈப்புழுக்களைப் புண்ணில் விட்டால் அழுகிய சதையை மட்டும் தின்றுவிடும். 2009இல் 267 பேரை வைத்து வந்த முடிவு: புழுக்கள் புண்ணை ஜெல்லைவிட மிக வேகமாகச் சுத்தமாக்கின, ஆனால் புண் ஆறிய வேகம் மாறவில்லை, நோவு கூட. புண் சுத்தமானால் ஆறிவிடும் என்று நாங்கள் எல்லோரும் படித்தது அவ்வளவு நேரானது அல்ல என்று அதில் தெரிந்தது.

இதைவிட எனக்கு வருத்தம் தந்தது ஒரு ஸ்பிரே. தோல் செல்களையும் இணைப்பிழைய செல்களையும் புண்ணின்மேல் தெளிப்பது. 2012இல் லான்செற் சஞ்சிகையில் வந்த இரண்டாம் கட்டச் சோதனையில் 228 பேர், நல்ல முடிவு. வைத்தியசாலைச் சாப்பாட்டறைகளில் அதைப் பற்றித்தான் பேச்சு. அடுத்த பெரிய மூன்றாம் கட்டச் சோதனையில் அந்த நன்மை காணாமல் போனது. 2014இல் கொம்பனி கைவிட்டது. முதல் சோதனையில் யாரும் ஏமாற்றவில்லை. சின்னச் சோதனையில் நல்லதாகத் தெரிவது பெரிய சோதனையில் கரைந்துபோவது இந்தத் துறையில் வழக்கம், அவ்வளவுதான். அன்ட்ரூ ஜலின் குழு பிறகு அஸ்பிரின் மாத்திரையையும் 251 பேரில் சோதித்தது, அதுவும் ஆறுவதை வேகமாக்கவில்லை.

வேகமாக்கிய ஒன்று இருக்கிறது. அது களிம்பு அல்ல. இங்கிலாந்தில் 450 பேரில் நடந்து 2018இல் முடிவு வெளியான எவ்ரா என்ற சோதனையில், கட்டோடு சேர்த்து, பழுதான மேல்நாளத்தை உள்ளேயிருந்து சூடாக்கியோ மருந்து ஏற்றியோ ஆரம்பத்திலேயே மூடிவிட்டார்கள். மற்றப் பக்கத்தில் கட்டுத்தான் முதலில், நாளத்தைப் பிறகு பார்க்கலாம் என்ற வழக்கம். புண் ஆற எடுத்த நடுவளவு காலம் 56 நாள், மறுபக்கம் 82 நாள். புண்ணைத் தொடாமலே, பழுதான குழாயைப் பார்த்ததால் கிடைத்த 26 நாள் அது. கணுக்காலுக்கு மேல் இரண்டு கிழமை தாண்டியும் ஆறாத புண்ணோடு வருபவரை டொப்ளருக்கும் நாள ஸ்கானுக்கும் அனுப்பச் சொல்லி டொக்டரைத் தொல்லைப்படுத்துவதற்கு எனக்குத் துணிவு தந்தது இந்த ஆய்வு.

அப்படியானால் நான் எதையும் பூசுவதில்லையா? பூசுகிறேன். புண்ணைச் சுற்றித் தோலுக்குத் துத்தநாகம், வறட்சிக்கு எண்ணெய்ப் பசை, கசிவு கூடினால் உறிஞ்சும் துணி, மணம் கூடினால் கிருமிக்கு ஏதாவது. நோயாளி தேன்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், எரியலாம் என்று சொல்லிவிட்டு, மேலே கட்டைக் கழற்றாமல் இருப்பதாக வாக்கு வாங்கிக்கொண்டு, தேன் துணியே வைத்துக் கட்டுவேன். அந்த லொறிக்காரருக்கு அப்படித்தான் செய்தேன். ஆறியது. அவர் தேனைத்தான் புகழ்கிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் மீண்டும் வராமலிருக்க இறுக்கக் காலுறையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு விற்பனைப் பிரதிநிதி எங்கள் அறைக்கு வந்தார். புதுக் களிம்பு. நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினார். எத்தனை பேரில் பார்த்தீர்கள், மற்றப் பக்கத்தாருக்கும் கட்டுப் போட்டீர்களா, ஆறியதை எண்ணினீர்களா அல்லது சுருங்கியதை எண்ணினீர்களா என்று கேட்டேன். மற்றப் பக்கம் என்று ஒன்று இருக்கவில்லை. அதற்குப் பதில் படங்களைக் காட்டினார். 'முன்' படத்தில் உள்ளங்கை அகலப் புண், 'பின்' படத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். அழகான படங்கள். 'பின்' படத்தை உற்றுப் பார்த்தேன். புண் இருந்த இடத்துக்கு மேலேயும் கீழேயும், முழங்காலடி வரைக்கும், தோலில் வரிவரியாகத் தடம் பதிந்திருந்தது. பண்டேஜை அப்போதுதான் அவிழ்த்த கால். 'முன்' படத்தில் அந்தத் தடம் இல்லை. விரலை வைத்துக் காட்டிக் கேட்டேன். அலுவலகத்தில் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லி, இரண்டு சம்பிள் குழாய்களை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.